நாலாம் லைனில் மழை

வீட்டில் தைக்கிறவர்களுக்கு ஊசி உடைந்தால் ‘சே’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. கட்டுநாயக்கவில் அந்த ஆடை ஃபேக்டரியில் அப்படி முடியாது. உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஒட்டுநாடாவில் வரிசையாக ஒட்டி, முழு ஊசி தேறுகிறது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். நுனி மட்டும் குறைந்தால் அது தைத்துக்கொண்டிருந்த துணிக்குள் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே தைப்பது கைக்குழந்தைகளின் உடுப்பு. கடலுக்கு அப்பால் ஒருத்தி அதைத் தன் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, பிள்ளை ஏன் வீறிடுகிறது என்று தெரியாமல் தவிப்பாள்.

அதனால் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அந்த வாரம் உடைந்த ஊசிகளின் கணக்கு அதில் இருக்கும். மற்ற லைன்களில் நான்கு, ஆறு என்று ஏறி இறங்கும். நாலாம் லைனில் மட்டும் மாதக்கணக்காகப் பூச்சியம். நாலாம் லைனின் சுப்பவைசர் சுனேத்ராவுக்கு அந்தப் பூச்சியத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு குளிரும். பெற்ற பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த மாதிரி அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் காலையில் வேலையைத் தொடங்குவாள்.

புது மேனேஜர் லியனகே ஒருநாள் அந்தப் பலகைக்குக் கீழே நின்று தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கூடக் கேட்காது. தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுவார், அதையும் மெசின் பிள்ளைகளோடு வரிசையில் நின்று வாங்கித்தான் குடிப்பார். யாரையாவது கண்டிக்க வேண்டி வந்தால் முதலில் அவருக்குத்தான் வேர்க்கும்.

“உங்க லைன்ல ஒண்ணும் உடையிறதே இல்லையா மிஸ்?” என்று கேட்டார்.

“என்ட லைன்ல உடையாது சேர்.”

“ஊசின்னா உடையத்தானே செய்யும்.”

“ஆக்களை வைக்கிற இடத்துல வச்சா ஊசி உடையாது சேர்.”

லியனகே ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். மத்தியானச் சாப்பாட்டில் சுனேத்ரா இதை மற்ற சுப்பவைசர்களிடம் நடித்தே காட்டினாள். இந்த மனிதர் ஃபேக்டரி நடத்த வந்தாரா, பன்சலைக் கோயிலில் தானம் கொடுக்க வந்தாரா என்று அவள் கேட்டதும் ஒருத்திக்குச் சிரிப்பில் பருப்பு புரையேறியது. சுனேத்ரா சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. லியனகே வந்த பிறகு இரண்டாம் லைன்காரிகள் அவர் தலையில் மிளகாய் அரைக்கத்தான் செய்தார்கள். தேத்தண்ணிக்குப் போனால் திரும்பி வரும் வழி அவர்களுக்கு மறந்துவிடும். தைத்துக்கொண்டே பாட்டு வேறு. கொழும்பு தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அவருக்கு விழுந்த ஏச்சு கண்ணாடி அறைக்கு வெளியிலும் கேட்டது. முழுத் தளத்தையும் பார்த்துக்கொள்ள ஓர் இரும்புக் கை வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் யோசித்தார்கள். சுனேத்ராவின் பெயர் அடிபடுகிறது என்று பேச்சு. அந்தப் பூச்சியம் இன்னும் கொஞ்சக் காலம் அப்படியே நின்றால் போதும்.

சுனேத்ரா தம்புத்தேகமப் பக்கத்துக்காரி. இருபது வயதில் ஒரு ரெக்சின் பையோடு வந்து இறங்கினாள். முதல் நாள், ஃபேக்டரிப் பெண்கள் தங்கும் போடிங்கில் பாய் விரிக்க இடமில்லாமல் நின்றவளைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டவள் பியசீலி. மூன்று வயது மூத்தவள், மாத்தறைக்காரி, வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். ஃபேக்டரியிலும் அடுத்தடுத்த மெசின். இவள் அவளை அக்கா என்று ‘அக்கே’ என்பாள், அவள் இவளைத் தங்கை என்று ‘நங்கி’ என்பாள். கூடப் பிறந்தவர்கள் என்றுதான் போடிங்கார அம்மாள் ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

அன்றைக்கு மேனேஜராக இருந்தவர் கொடிதுவக்கு. பேரிலேயே துவக்கு வைத்திருந்த மனிதர், வாயைத் திறந்தால் வெடிதான். ஊசியை உடைத்தவள் அவர் காலத்தில் ஸ்டூலில் ஏறி நிற்க வேண்டும், உடைந்த துண்டை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தபடி. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. ஆடாமல் நிற்பதே பெரும்பாடு. இறங்கு என்று அவர் சொல்லும்வரை இறங்கக் கூடாது, சில நாள் அவர் சொல்ல மறந்துவிட்டு வீட்டுக்கே போய்விடுவார்.

சுனேத்ராவும் ஒரு தடவை அதில் நின்றிருக்கிறாள். அன்று அவளுக்கு மாதவிலக்கு. பாவாடையில் கறை படிவது அவளுக்கே தெரிந்தது, இறங்கவோ கேட்கவோ துணிச்சல் இல்லை. அத்தனை பேரும் தலையைக் குனிந்து பார்க்காதது போலத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பியசீலி மட்டும் மெசினை நிறுத்திவிட்டு எழுந்தாள். வெட்டித் தள்ளிய துணியில் ஒரு நீளத் துண்டை எடுத்து வந்து, சுனேத்ராவின் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, பேசாமல் போய் உட்கார்ந்தாள். கேட்காமல் எழுந்ததற்காக அவளும் அன்று ஸ்டூல் ஏறினாள். ஏறி நின்றுகொண்டு, இங்கிருந்து பார்த்தால் மாத்தறை தெரிகிறது என்று இரகசியமாகச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த லைனில் யாரும் ஊசி உடைந்ததைச் சொல்வதை விட்டார்கள். அவரிவத்தச் சந்தியில் நூல் கடைக்காரன் அதே ரக ஊசியை விற்றான். ஆளுக்கு இரண்டு மூன்று வாங்கிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வருவார்கள். உடைந்தால் துண்டைப் பொறுக்கி ஒளித்துவிட்டுக் கொண்டையிலிருந்து புதிதை மாட்டுவார்கள். நுனி அகப்படாவிட்டால் துணியை உதறிப் பார்ப்பார்கள், அதிலும் அகப்படாவிட்டால் புத்தர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தைப்பார்கள். இதற்கெல்லாம் கொடிதுவக்கு வருவது முன்கூட்டியே தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ‘துவக்கு வருது’ என்றால் அவருக்கே விளங்கிவிடும். ‘மழை வருது’ என்று சொல்லலாம் என்றவள் சுனேத்ராதான். ஊரில் அவள் அப்பா வானத்தைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொல்லும் சொல். வாசல் மெசின்காரி சொன்னால் வாய்க்கு வாய் தாவிக் கடைசி மெசினுக்கு வந்துவிடும். ஒருமுறை அது கொடிதுவக்குவின் காதிலும் விழுந்தது. அவர் வெயில் கொளுத்தும் ஜன்னலைப் பார்த்துவிட்டு எங்கே மழை என்று அதட்டினார். எங்க ஊர்ல மழையாம் சேர், கடிதம் வந்திருக்கு என்றாள் பியசீலி. அன்று இரவு போடிங்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை.

கொடிதுவக்குதான் சுனேத்ராவைச் சுப்பவைசராக்கினார். ஒருநாள் ஆள் குறைந்த நேரத்தில் அவள் போட்ட சத்தத்தில் லைன் மளமளவென்று நகர்ந்ததைப் பார்த்து, இவளுக்குக் குரல் இருக்கிறது என்றார். அவள் மிஸ் ஆனாள். முதல் வாரம் பியசீலி வாய்தவறி நங்கி என்றபோது, லைனுக்குள்ளே அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டாள். பியசீலி அதற்குப் பிறகு லைனுக்கு வெளியிலும் கூப்பிடவில்லை. சுனேத்ராவும் தனியறை எடுத்துப் போய்விட்டாள். அக்கே என்பது பியசீலி என்றாகி, நீங்க என்பது நீ ஆனது. மருமகளாக இருந்து பட்டதெல்லாம் மாமியாரானதும் மறந்துபோவது உலக வழக்கம். சுனேத்ரா ஒன்றையும் மறக்கவில்லை. தான் அந்த மனிதரைப் போல இல்லை என்றுதான் உறுதியாக நம்பினாள். அவள் யாரையும் ஸ்டூலில் ஏற்றியதில்லை. ஊசியை உடைத்தவளை மெசினுக்குப் பக்கத்தில் தரையில்தான் நிற்க வைத்தாள். இறங்கச் சொல்ல அவள் ஒருநாளும் மறந்ததும் இல்லை. தரையில் நிற்பவளுக்கு இறங்க என்ன இருக்கிறது என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

லியனகே வந்த புதிதில், ஊசி உடைந்தால் பயப்படாமல் சொல்லுங்கள், நுனி காணாமற்போனால் லைனை நிறுத்திவிட்டு எல்லோருமாகத் தேடுவோம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். மற்ற லைன்களில் தேடினார்கள். அவரே ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெசினுக்கு அடியில் மண்டியிட்டுத் தவழ்ந்ததைப் பார்த்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பேச்சை நம்பி நாலாம் லைனில் முதலில் எழுந்தவள் பியசீலி. உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து சுனேத்ராவின் மேசையில் வைத்தாள். சிநேகிதி என்று விட்டால் லைன் கெட்டுப்போகும், ஒருத்திக்கு ஒரு சட்டம் கிடையாது என்று சுனேத்ரா அவளை அந்த மணித்தியாலம் முழுக்க நிற்க வைத்தாள். நாற்பதைத் தாண்டியவள், முழங்கால் வீக்கத்தோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலாம் லைன் அதைப் பார்த்துக்கொண்டது. அந்த வாரம் பலகையில் ஏறிய ஒன்றுக்குப் பிறகு எப்போதும் பூச்சியம்தான்.

போயா பௌர்ணமி விடுமுறைக்கு முந்திய நாள் அது. பின்னேரம் துறைமுகத்துக்குக் கொண்டேனர் லொறி புறப்பட வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கான, காலும் கையும் மூடிய மஞ்சள் உடுப்புகள். காலையில், வெட்டும் பிரிவிலிருந்து மீதிக் கழுத்துப் பட்டிகள் வரவில்லை என்று சுனேத்ரா நேரே அங்கே போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு, தொண்டைக்கு இதமாக ஒரு டொபியை வாயில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது முன்வாசலால் வராமல், துணிச் சுருள்கள் அடுக்கியிருந்த பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அங்கே, கடைசி மெசினிலிருந்து அது கேட்டது.

“மழை வருது.”

சுனேத்ராவின் உடம்பு அவளைக் கேட்கவில்லை. முதுகு நிமிர்ந்தது. கை போய்க் காதோரத்து முடியைத் தலைத்துணிக்குள் தள்ளியது, அடையாள அட்டையை நேராக்கியது. வாயிலிருந்த டொபியை முழுசாக விழுங்கினாள். கண்கள் கொடிதுவக்குவைத் தேடின. அவர் போய் ஒரு வருஷமாகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. லியனகேவும் இல்லை, அவர் மேலே தொலைபேசியில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவளுக்கு முன்னால் வாய்க்கு வாய் தாவி முன்வாசல்வரை போனது. ஒரு தண்ணீர்ப் போத்தல் மறைந்தது. பக்கத்துக்காரியோடு பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நடுவில் வெட்டினாள். கழுத்துகள் எல்லாம் ஒரே அளவுக்குக் குனிந்தன. பியசீலியின் கை கொண்டைக்குப் போய், ஒன்றை உருவி, மெசினில் மாட்டியது.

வேறு யாரும் வரவில்லை. வந்தது அவள் ஒருத்திதான்.

டொபி நெஞ்சுக்குழியில் நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போல இருந்தது சுனேத்ராவுக்கு. தான் பெற்றுப் பெயர் வைத்த சொல், இத்தனை வருஷம் கழித்துத் தன்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. இது எப்போதிலிருந்து என்று யாரிடம் கேட்பாள்? அவள் சுப்பவைசரான நாளிலிருந்தே இருக்கலாம். முன்வாசலால் வந்தால் கேட்காது, சொல் அவளுக்கு முன்னால் ஓடிவிடும். அவளுக்குத் தெரியாதா அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று.

அந்த நேரத்தில் அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பியசீலியின் பக்கத்தில் போய், என்ன உடைந்தது, நுனி கிடைத்ததா என்று கேட்டிருக்க வேண்டும். கால் அந்தப் பக்கம் ஓரடி போகவும் செய்தது. கேட்டால் பியசீலி உண்மையைச் சொல்வாள். சொன்னால் லைனை நிறுத்த வேண்டும், கொண்டேனர் பிந்தும், பலகையில் பூச்சியம் அழியும். தளப் பொறுப்புக்குப் பெயர் அடிபடும் வாரம் பார்த்தா அழிய வேண்டும்? பியசீலி கெட்டிக்காரி, நுனியைத் தேடாமலா மாட்டியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மேசைக்குப் போய், விரலை எச்சில் தொட்டு, ஒரு காரணமும் இல்லாமல் தாள்களைப் புரட்டினாள். பியசீலி தைத்த கட்டு கட்டப்பட்டு, அவள் கண்ணுக்கு முன்னாலேயே பொதி கட்டும் பிரிவுக்குப் போனது.

பொதி கட்டும் பிரிவில் இரும்பைக் கண்டுபிடிக்கும் மெசின் ஒன்று உண்டு. உடுப்புகள் அதற்குள்ளால் போய்வர வேண்டும், ஆனால் சின்ன நுனி பல தடவை அதற்குத் தப்பிவிடும். பின்னேரத் தேத்தண்ணி முடிந்து சற்று நேரத்தில் அது கூவியது. ஒரு மஞ்சள் உடுப்பின் கழுத்துப் பட்டிக்குள், குழந்தையின் குரல்வளை படும் இடத்தில், ஒரு ஊசி நுனி.

லியனகே அந்த உடுப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நாலாம் லைனுக்கு வந்தார். எல்லா மெசினையும் நிறுத்தச் சொன்னார். அவர் நெற்றியில் வேர்வை கோத்திருந்தது.

“இது யார்ட மெசின்ல உடைஞ்சது?” என்றார். “ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்குத் தெரிய வேணும், அவ்வளவுதான். இன்னும் எத்தனை இப்பிடிப் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் தேடலாம்.”

கேட்டவர் அவர், ஆனால் ஒருத்தியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவருக்குப் பின்னால் நின்ற சுனேத்ராவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தன. லியனகே பேச்சுக்குத்தான் மந்தம், பார்வைக்கு இல்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார், மறுபடி அவர்களைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

“மிஸ், நீங்க போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

“இப்பவா சேர்?”

“ஓம். இப்ப.”

அவர் சொன்னதிலேயே எல்லோருக்கும் கேட்ட ஒரே சொல் அதுதான். சுனேத்ரா நடந்தாள். இரண்டு பக்கமும் மெசின்கள், நடுவில் அவள். அந்த லைன் அவ்வளவு நீளம் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

தேத்தண்ணிக் கவுண்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தது. அங்கே நின்றவன் பிளேன்டீயை ஊற்றி நீட்டினான். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லியனகே மறுபடி ஏதோ கேட்டார். பிறகு பியசீலி எழுந்தாள். கைகளை உயர்த்திக் கொண்டையை அவிழ்த்தாள், அதில் பாதி நரை. உள்ளேயிருந்து ஊசிகளை எடுத்து லியனகேவின் முன்னால் மேசையில் வைத்தாள். அவளுக்கு அடுத்த மெசின்காரி எழுந்து சட்டைக் கழுத்துக்கு உள்பக்கம் செருகியிருந்ததை எடுத்தாள். ஒருத்தி பவுடர் டின்னைக் கவிழ்த்தாள். ஒருத்தி செருப்பைக் கழற்றி அதன் அடிப்பாகத்திலிருந்து பிடுங்கினாள். வாசலோரத்து மெசினில் இருந்த மதுஷி, சேர்ந்து ஆறு மாதம் கூட ஆகாதவள், அவளும் தாவணி மாதிரிப் போட்டிருந்த கழுத்துத் துணியின் தையலைப் பிரித்து மூன்று ஊசி எடுத்தாள். வந்த கையோடு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேசையில் ஊசிகள் ஒரு கைப்பிடி அளவுக்குச் சேர்ந்தன.

அதுதான் அவளுடைய பூச்சியம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் கேட்கிறவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள். கொண்டையில் ஊசி செருகிய லைனில் ஒருகாலத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். கொடிதுவக்குவின் பலகையிலும் இதே பூச்சியம்தான் இருந்தது. அந்த மனிதருக்காவது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொண்டே அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது சுனேத்ராவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே பியசீலி ஏதோ சொன்னாள். லைன் முழுக்கச் சிரித்தது. லியனகேவும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மதுஷிக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. மாதக்கணக்காகத் தினமும் பார்க்கிற முகம், அந்தப் பல் சுனேத்ராவுக்குப் புதிதாக இருந்தது.

ஆறிப்போன தேத்தண்ணியைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். மதுஷி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லுக்குத் தேவையும் இருக்கவில்லை. சிரிப்பு வாசலில் தொடங்கிக் கடைசி மெசின்வரை வரிசையாக அணைந்தது.

லியனகே நீட்டி முழக்கவில்லை. கொண்டேனர் இன்று போகாது, கட்டிய பொதிகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி பார்க்க வேண்டும், கொழும்புக்கு அவரே சொல்லிக்கொள்வார் என்றார். யார் மீதும் நடவடிக்கை இல்லை என்றார். பிறகு, சொல்லவே விருப்பமில்லாதவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, பலகையைத் திருத்திவிடுங்கள் மிஸ் என்றார்.

அந்தப் பூச்சியம் எத்தனை வாரமாக அழிக்காமல் காய்ந்துபோய் இருந்ததோ, எட்டித் துடைத்தால் போகவில்லை. ஏறித்தான் அழிக்க வேண்டும். மூலையில் கிடந்த ஸ்டூலை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். பழைய ஸ்டூல், ஒரு கால் கட்டை. தூக்கி எறியாமல் இத்தனை நாள் ஏன் அதை அங்கே கிடக்க விட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சுனேத்ரா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஸ்டூல் ஆடியது. லைன் முழுக்கக் கீழே இருந்தது, அவள் மேலே நின்றாள். யாரும் அவளை ஏறி நில் என்று சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. எல்லோரும் மரியாதையாகத் தலையைக் குனிந்து பொதிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காதது போல இருப்பது எப்படி என்று அந்த லைனுக்கு நன்றாகத் தெரியும்.

துணியை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க ஆட்டம் கூடியது. திடீரென்று அது நின்றது. கீழே பார்த்தாள். பியசீலி, அவிழ்ந்த தலையோடு, வீங்கின முழங்காலை மடித்து உட்கார்ந்து, கட்டைக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பலகை வெறுமையானது. அதில் எழுத அவளிடம் எண் இல்லை. சுனேத்ரா இறங்கித் தரையிலேயே உட்கார்ந்து, அவிழ்த்த பொதியிலிருந்து ஒரு மஞ்சள் உடுப்பை எடுத்தாள். பியசீலியும் ஒன்றை எடுத்தாள். கழுத்துப் பட்டி, கை, கால் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். முன்னொரு காலத்தில் போடிங்கில் இப்படித்தான் அரிசியில் கல் பொறுக்குவார்கள்.

“எழும்புங்க மிஸ், சாரியெல்லாம் தூசி,” என்றாள் பியசீலி.

“காலையில நீங்க கொண்டையில இருந்து எடுத்ததை நான் கண்டேன்,” என்றாள் சுனேத்ரா. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடிக்கு வெளியே நின்றபோதே முடிவு செய்திருந்தாள். “கண்டுட்டுத்தான் பேசாம இருந்தேன்.”

பியசீலி கையிலிருந்த உடுப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும் மிஸ். நீங்க கண்டதை நானும் கண்டேன். இப்ப வந்து கேப்பீங்க, இப்ப வந்து கேப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். நுனி எங்க விழுந்துச்சின்னு எனக்குத் தெரியல. கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுனேத்ரா பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். கண் நிறைந்து, மஞ்சள் உடுப்பு கலங்கித் தெரிந்தது. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று தோன்றியது.

“அக்கே,” என்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வந்தது. “என்னை மிஸ்ஸுன்னு கூப்பிடாதீங்க. முந்தி மாதிரி நங்கின்னே கூப்பிடுங்க.”

பியசீலி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு எதற்கோ அசைந்தது. பிறகு பழையபடி தலை தாழ்ந்து, விரல்கள் கழுத்துப் பட்டிக்குத் திரும்பின.

“சரி, மிஸ்,” என்றாள்.